அறுபத்து நான்கு நற்பெயர்

தேவபிரசாதம் பதினாறு வருடம் வடக்கே ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். 1976-இல் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தார். வேலை கிடைத்தது. மனைவி ஞானபாயையும் மகள் இன்பமணியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். சொந்த ஊரான நாசரேத் இனி ஒரு பஸ் தூரம்தான் என்பதில் ஞானபாய்க்கு வழியெல்லாம் சந்தோஷம். இன்பமணி வடக்கே பி.எஸ்சி. விலங்கியலில் இரண்டு வருடம் முடித்திருந்தாள். ஒரு வருடம்தானே பாக்கி, அதைத் தூத்துக்குடியில் படித்துக்கொள்ளலாம் என்று மூவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்தத் 'தானே'க்குள் அவர்கள் இரண்டரை வருடம் குடியிருக்க நேர்ந்தது.

அவள் வடக்கே படித்தது நவயுகப் பல்கலைக்கழகத்தில். அது புதுமையான பல்கலைக்கழகம். மதிப்பெண் மாணவர் மனத்தைப் புண்படுத்துகிறது என்று கண்டுபிடித்து அதை ஒழித்துவிட்டு, ஏ, பி, சி என்று எழுத்துகளைக் கொடுத்தது. எழுத்து யார் மனத்தையும் புண்படுத்தாது என்பது அதன் நம்பிக்கை. ஒரு பாடத்தை முடித்தால் நாலு கிரெடிட். பதினாறு பாடம், அறுபத்து நாலு கிரெடிட். வகுப்பில் பத்தில் ஒரு பங்குப் பேருக்குத்தான் ஏ கொடுக்கலாம் என்றும் விதி இருந்தது. இன்பமணியின் வகுப்பில் பதினொரு பேர். ஆகவே ஏ ஒருவருக்குத்தான். அந்த ஒருவன் எப்போதும் இன்பமணியைவிட அரை மதிப்பெண் கூட வாங்கும் ஒரு பையன். அவனுக்கு டைபாய்டு வந்த பருவத்தில் இன்பமணிக்கு இரண்டு ஏ கிடைத்தது. மற்ற பதினாலும் பி.

தூத்துக்குடியில் கல்லூரி முதல்வர் அந்தச் சான்றிதழைப் பார்த்து, நல்ல பெண் என்றார். மூன்றாம் வருடத்தில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். தென்கடல் பல்கலைக்கழகத்தில் இணைமதிப்புச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள், இந்தப் படிப்பும் அந்தப் படிப்பும் சமம் என்று ஒரு வரி எழுதியிருக்கும், அதை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடு என்றார். ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தென்கடல் பல்கலைக்கழகத்துக்கு மூன்று பஸ் மாற வேண்டும். தேவபிரசாதம் லீவு போட்டுக்கொண்டு மகளோடு போனார். இணைமதிப்புப் பிரிவு என்பது ஒரு நீண்ட கூடத்தில் ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, தாணுலிங்கம். அது நெருக்கடி நிலைக் காலம். நாடெங்கும் அலுவலகங்களில் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். தாணுலிங்கமும் சரியாகப் பத்து மணிக்கு வந்து, பத்தேகாலுக்கே இல்லை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் கெட்ட மனிதரல்ல. ஐம்பத்தைந்து வயது, நெற்றி நிறையத் திருநீறு, கோபமே வராத குரல். சான்றிதழை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார்.

"யம்மா, இதுல எழுத்துதான் இருக்கு. நம்ம பல்கலைக்கழகத்துல நம்பர்தான். எழுத்த எப்படிக் கூட்டுறது?"

இன்பமணி, சான்றிதழின் பின்பக்கத்தில் பி என்றால் அறுபதிலிருந்து எழுபதுக்குள் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினாள். தாணுலிங்கம் அதைக் கவனமாக வாசித்தார். பின்பக்கம் சான்றிதழின் பகுதியா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதற்கு நவயுகப் பல்கலைக்கழகம் கடிதம் எழுத வேண்டும். கடிதம் வந்ததும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

கடிதம் வர இரண்டரை மாதம் ஆயிற்று. நவயுகப் பல்கலைக்கழகம் மூன்று பக்கம் எழுதியிருந்தது. மதிப்பெண் என்னும் கொடுமையிலிருந்து இளைஞர்களை விடுவித்த வரலாறு முதல் இரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில், மாணவி வாங்கிய உண்மையான மதிப்பெண்களைத் தெரிவிக்க இயலாது, விடுதலையின் ஓர் அங்கமாக அந்தப் பதிவேடுகள் எரிக்கப்பட்டன, அந்த நாளைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது என்றிருந்தது. பின்பக்கத்தைப் பற்றி ஒன்றுமில்லை. மாணவி அறுபத்து நாலு கிரெடிட் பெற்றவர் என்று கடைசி வரி உறுதி செய்தது.

கோப்புகள் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த காலம். கடிதம் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போயிற்று. அங்கே கிரெடிட் என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்து, பல பொருள்களில் மிகவும் மரியாதையானதைத் தேர்ந்தெடுத்து, 'மாணவி அறுபத்து நான்கு நற்பெயர் பெற்றவர்' என்று எழுதி அனுப்பினார்கள். நற்பெயர் என்றால் அது நன்னடத்தைச் சான்றிதழ்ப் பிரிவின் வேலை. கோப்பு அங்கே போயிற்று. அந்தப் பிரிவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு நற்பெயர் இருக்கலாம். அறுபத்து நாலு எதற்கு? இத்தனை இடத்தில் நற்பெயர் வாங்க வேண்டிய அவசியம் என்ன வந்தது?

விளக்கம் கேட்டு வந்த தபாலைத் தேவபிரசாதம்தான் பிரித்தார். வாசித்துவிட்டு நின்றபடியே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார். அறுபதடி உயரத்தில் கிரேன் கூண்டில் அசையாமல் உட்காரும் மனிதர் அவர்.

"ஏளா, இதுல என்ன கேக்கான்?" என்றார் கடைசியில். "நற்பெயர் கூடிப்போச்சுன்னு கேக்கானா?"

அதைச் சரிசெய்ய இரண்டு பயணம் ஆயிற்று. நன்னடத்தைப் பிரிவு ஒரு வழி சொன்னது. அறுபத்து மூன்றை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தால், ஒன்றை உடனே ஏற்றுக்கொண்டு கோப்பைத் திருப்பி அனுப்பிவிடலாம். இன்பமணி எழுதித் தர மறுத்தாள். ஒவ்வொரு நாலும் ஒரு பாடம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து மாதம் படித்தேன் என்றாள். அந்தப் பிரிவில் இருந்த அம்மாள் அவளைப் பரிவோடு பார்த்து, இந்த வயதில் இவ்வளவு பிடிவாதம் நன்னடத்தைக்கு நல்லதல்ல என்று அறிவுரை சொன்னாள். கடைசியில் கிரெடிட் என்பதை கிரெடிட் என்றே எழுதலாம் என்று துணைப்பதிவாளர் அனுமதித்தார். நவம்பரில் கோப்பு தாணுலிங்கத்தின் அலமாரிக்குத் திரும்பியது.

இதற்கிடையில் இன்பமணிக்கு ஒரு நல்லது நடந்திருந்தது. விலங்கியல் வகுப்பை ஒரு நாள் கடற்கரையில் இருந்த முத்துச்சிப்பி ஆய்வு நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்து, ஆப்பு செருகி, உள்ளே சதையில் ஒரு கீறல் போட்டு, கடுகைவிடச் சற்றுப் பெரிய மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் அதில் வைத்து, மறுபடி கூண்டில் போட்டுக் கடலில் இறக்கினார்கள். சிப்பி பிழைத்தால் அந்த மணிமேல் முத்துப் படியும். கை நடுங்கினால் சிப்பி செத்துவிடும். நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஸதக்கத்துல்லாஹ், காயல்பட்டினத்துக்காரர், விருப்பமுள்ளவர்கள் செய்து பார்க்கலாம் என்றார். பத்துப் பேர் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு சிப்பிதான் உயிரோடு இருந்தது. கூண்டில் கட்டியிருந்த சீட்டில் இன்பமணியின் பெயர் இருந்தது.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் நிலையத்துக்குப் போனாள். அவள் கைபட்ட சிப்பிகளில் நூற்றுக்கு எழுபது பிழைத்தன. ஜப்பானில் பயின்று வந்த இயக்குநருக்கே அறுபதுதான். அடுத்த வருடம் ஆய்வு உதவியாளர் பதவி ஒன்று வரும், பட்டம் வாங்கிவிட்டு விண்ணப்பம் போடு என்று அவர் சொன்னார். இன்பமணி அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து வர அவளால் முடியவில்லை.

ஆனால் பல்கலைக்கழகம் போய்வந்த மறுநாள்களில் அவள் தொட்ட சிப்பிகள் செத்தன. விரல் நுனி நிற்காமல் துடித்தது. இயக்குநர் இதைக் கவனித்துவிட்டார். அங்கே போய்வந்தால் மூன்று நாளைக்குச் சிப்பியைத் தொடக் கூடாது என்று விதி போட்டார். அவளைச் சுற்றி இருந்த விதிகளில் காரணம் உள்ள விதி அது ஒன்றுதான்.

டிசம்பரில் தவளை வந்தது. இரண்டு பாடத்திட்டங்களையும் ஒப்பிட்டபோது, நவயுகத்தில் அறுத்தது ஒரு வகைத் தவளை, தென்கடலில் அறுப்பது வேறு வகை என்று தெரிந்தது. இரண்டுக்கும் லத்தீன் பெயர் வேறு. உள்ளே குடலும் இதயமும் ஒரே மாதிரிதான் சார் என்று இன்பமணி சொன்னாள். தாணுலிங்கம் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் ஒத்துக்கொள்வது கோப்பில் ஏறாது என்றார். தவளைகள் சமம் என்று விலங்கியல் துறை எழுதித் தர வேண்டும். துறைத் தலைவர், தவளைகள் சமம் என்று தான் எழுதினால் நாளைக்கு ஓணானுக்கும் கேட்பார்கள் என்று தயங்கினார். பிறகு, 'மாணவர் சேர்க்கை நோக்கத்துக்கு மட்டும் சமம். வேறெந்த உரிமையும் இத்தவளைகளுக்கு இதனால் ஏற்படாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இப்படியே வருடம் ஓடி, ஏப்ரலில் மூன்றாம் வருடத் தேர்வும் வந்தது. இன்பமணி எழுதினாள். நூற்றுக்கு எண்பத்தொன்று. கல்லூரியில் அவள்தான் முதல். ஆனால் பத்திரிகையில் வந்த பட்டியலில் அவள் எண் இல்லை. 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்ற தலைப்பின் கீழ்த் தனியாக இருந்தது. முதல் இரண்டு வருடம் சமமாகாமல் மூன்றாவது வருடத்தை வெளியிட முடியாது. தேவபிரசாதம் அந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனார்.

மே மாதக் கடைசியில் இணைமதிப்புக் குழு கூடியது. குழுவின் தலைவர் பேராசிரியர் கிருபாநிதி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒவ்வொரு வாக்கியத்தையும் மேடையில் பேசுவதுபோல் பேசுகிறவர். இன்பமணி வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். உள்ளே நடந்ததைப் பிறகு தாணுலிங்கம் அவளுக்குச் சொன்னார். குழுவின் செயலர் அவர்தான்.

பி என்றால் அறுபதிலிருந்து எழுபது என்பதைக் குழு ஒப்புக்கொண்டது. அதற்குள் எந்த எண் என்பதுதான் கேள்வி. கணக்குப் பேராசிரியர் நடுவில் அறுபத்தைந்து என்று வைக்கலாம் என்றார். சராசரி என்பது ஊகம், பல்கலைக்கழகம் ஊகிக்காது என்று தலைவர் சொல்லிவிட்டார். பிறகு தமிழ்ப் பேராசிரியர் எழுந்தார். ஆங்கில எழுத்துகளே வேண்டாம், முதல் எழுத்துக்கு அ, இரண்டாவதற்கு ஆ என்று வைத்துப் பார்த்தால் தீர்வு தானே வரும் என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் அ குறில், ஒரு மாத்திரை; ஆ நெடில், இரண்டு மாத்திரை. இரண்டாந்தர எழுத்து முதல்தர எழுத்தைப்போல் இரண்டு மடங்கு மதிப்புப் பெறுகிறது என்று கணக்குப் பேராசிரியர் சுட்டிக்காட்டினார். இலக்கணத்தை மாற்ற முடியாது என்றார் தமிழ்ப் பேராசிரியர். கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தது. சாப்பிட்டு வந்தபின், யாருக்கும் தகுதிக்கு மேல் கிடைத்துவிடக் கூடாது என்ற ஒரே கொள்கையில் எல்லோரும் ஒன்றுபட்டு, பி என்றால் அறுபது என்று தீர்மானித்தார்கள்.

அறுபது போதும். முதல் வகுப்பு. இன்பமணி அன்று தாணுலிங்கத்துக்கு இரண்டு கை எடுத்துக் கும்பிட்டாள். கையெழுத்துகள் ஆக ஒரு மாதம் ஆகும் என்றார் அவர்.

அந்த ஒரு மாதத்துக்குள் தென்கடல் பல்கலைக்கழகம் முன்னேறிவிட்டது. டெல்லியிலிருந்து வந்த சுற்றறிக்கைப்படி, மதிப்பெண்ணை ஒழித்து எழுத்து முறையைக் கொண்டுவருவதாக ஜூன் மாதம் முடிவெடுத்தது. கையெழுத்தாகாத கோப்புகள் எல்லாவற்றையும் புது முறைக்கு மாற்ற உத்தரவு. தென்கடலின் அட்டவணையில் அறுபது என்பது சி. வெளியிலிருந்து வரும் மாணவருக்கு முதன்மைப் பாடத்தில் குறைந்தது பி இருக்க வேண்டும்.

"நான் பி தானே சார் கொண்டுவந்தேன்?" என்றாள் இன்பமணி.

"ஆமா யம்மா. ஆனா அது அந்த பி. இங்கன வந்து அறுபது ஆயிட்டு. அறுபது இப்ப சி ஆயிட்டு." தாணுலிங்கம் கோப்பைப் புரட்டி ஒவ்வொரு படியையும் விரல் வைத்துக் காட்டினார். எந்தப் படியிலும் தவறில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் மேல்முறையீடு எழுதினாள். இயக்குநரும் ஒரு கடிதம் எழுதினார். ஆகஸ்டில் குழு அவளை நேரில் வரச் சொன்னது. ஐந்து பேர் ஒரு பக்கம், அவள் மறுபக்கம். தேவபிரசாதத்தை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் அதன் நீளத்தைக் காலால் அளந்துகொண்டே இருந்தார்.

இரண்டு மணி நேரம் கேட்டார்கள். முதல் வருடப் பாடம், இரண்டாம் வருடப் பாடம், தவளை இரண்டு வகையும். மண்புழுவின் இதயங்கள், சுறாவின் செவுள். விலங்கியல் துறைத் தலைவர் சிப்பியின் உடலமைப்பைக் கேட்டபோது, அவள் கரும்பலகையில் வரைந்து, எந்த இடத்தில் கீறினால் சிப்பி பிழைக்கும், எந்த இடத்தில் சாகும் என்று காட்டினாள். அவர் தன்னையறியாமல் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கேள்விகள் தீர்ந்தன.

"எனக்குப் பாடம் தெரியுதா, தெரியலையா சார்?" என்று இன்பமணி கேட்டாள்.

பேராசிரியர் கிருபாநிதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதில் இந்தக் குழுவுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதைப் பதிவு செய்வதில் நாங்கள் மகிழ்ச்சி அடைகிறோம். ஆனால் தெரிந்திருப்பதற்கு மதிப்பளிக்க நம் விதிகளில் இடமில்லை. தெரியாத எத்தனையோ பேருக்குப் பட்டம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் விதிப்படி தெரியாதவர்கள். நீ விதிக்கு வெளியே தெரிந்தவள். உனக்குக் கொடுத்தால், நாளைக்கு ஊரில் பாடம் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். அப்புறம் பல்கலைக்கழகம் எதற்கு?"

மற்றவர்கள் தலையசைத்தார்கள். முறையீடு தள்ளுபடி. மறுபடி முதல் வருடத்தில் சேர விரும்பினால் தடையில்லை என்று அன்றே கையில் கடிதம் கொடுத்தார்கள். அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரே நாளில் கிடைத்த காகிதம் அது ஒன்றுதான்.

அக்டோபரில் ஆய்வு உதவியாளர் பதவி வந்தது. பட்டம் இல்லாததால் இன்பமணியின் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே போயிற்று. பதவி சாத்தான்குளத்து எஸ்றாவுக்குக் கிடைத்தது. தென்கடல் பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்புப் பட்டதாரி. அவன் சிப்பியைப் படத்தில் பார்த்திருந்தான். இயக்குநர் இன்பமணியைக் கூப்பிட்டு, தினக்கூலியில் 'சிப்பி சுத்தம் செய்பவர்' என்ற பெயரில் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தருவதற்கு வெட்கமாக இருக்கிறது என்றார். அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டில் சும்மா இருந்தால் அப்பா நடக்கிற நடையைப் பார்க்க முடியாது என்று ஞானபாயிடம் சொன்னாள்.

முதல் மாதம் எஸ்றா தொட்ட சிப்பிகள் அத்தனையும் செத்தன. அவன் மறைக்கவில்லை. ஒரு நாள் கூண்டைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்து நின்றான்.

"அக்கா, உங்களது மட்டும் எப்படிப் பிழைக்கு?"

அவள் சொல்லிக்கொடுத்தாள். கத்தியைப் பென்சில் மாதிரிப் பிடிக்கக் கூடாது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வரப் பார்த்தது, ஆனால் அவன் அவ்வளவு கவனமாகக் கேட்டான். ஒரு வருடத்தில் அவனுடைய சிப்பிகளில் பாதி பிழைத்தன. அவள் அவனை சார் என்று கூப்பிடும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேண்டாம் என்று பலமுறை சொன்னான். அலுவலக ஒழுங்கு என்று அவள் விடவில்லை.

1978 அக்டோபரில் இன்பமணி ஒரு முடிவுக்கு வந்தாள். இனி பட்டம் வேண்டாம். நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பி.யு.சி. போதும், அசல் சான்றிதழ்கள் மட்டும் வேண்டும். அவற்றைத் திருப்பி வாங்கத் தனியாக மூன்று பஸ் மாறிப் போனாள். கோப்பை முடித்துவிடுங்கள் என்று தாணுலிங்கத்திடம் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம் ஆகியிருந்த கோப்பு. அலமாரியில் அதற்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார். அடுத்த மார்ச்சில் அவருக்கு ஓய்வு.

"விலக்குப் பிரிவுல கேட்டுப் பாத்தியா யம்மா?" என்றார்.

அது என்ன என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த மேஜையைக் காட்டினார். இரண்டு வருடமாக அவள் அந்த மேஜையை ஒட்டித்தான் நின்றிருக்கிறாள். விலக்கு விதி நாற்பத்தொன்று, பிரிவு ஈ: துறை சார்ந்த நிலையம் ஒன்றில், தென்கடல் பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்புப் பட்டதாரி ஒருவரின் மேற்பார்வையில் ஓராண்டு பயிற்சி பெற்ற மாணவருக்கு, விடுபட்ட பாடங்களிலிருந்து விலக்கு அளிக்கலாம். குழு தேவையில்லை.

இன்பமணி அந்த மேஜையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"இத ரெண்டு வருசமா ஏன் சொல்லல அண்ணாச்சி?"

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். "நீ இணைமதிப்புல்லா கேட்ட. இணைமதிப்பு என் மேஜை. விலக்கு அந்த மேஜை. ஒரு மேஜை விஷயத்த இன்னொரு மேஜை சொல்லுறது ஒழுங்கில்ல. இன்னைக்கு நீ கோப்ப முடிச்சிட்ட. இப்ப நான் உனக்கு வெளி ஆளு. அதான் சொல்லுதேன்."

அவள் நிலையத்துக்குத் திரும்பி இயக்குநரிடம் சொன்னாள். அவர் உடனே பேனாவை எடுத்தார். பிறகு விதியை மறுபடி வாசித்துவிட்டுப் பேனாவை மூடினார். அவருடைய டாக்டர் பட்டம் ஜப்பானில் வாங்கியது. தென்கடல் பல்கலைக்கழகத்தில் அதற்கு இணைமதிப்பு இன்னும் முடிவாகவில்லை. ஏழு வருடமாக ஒரு கோப்பு இருக்கிறது. நிலையத்தில் விதிக்குப் பொருந்துகிற ஒரே ஆள் எஸ்றா.

எஸ்றாவுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். தனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தான் பயிற்சி கொடுத்ததாக எப்படி எழுதுவது என்றான். ஆண்டவர் கேட்டால் என்ன சொல்வேன் என்றான். ஆண்டவர் கேட்பதற்குள் பல்கலைக்கழகம் கேட்கிறது, எழுதுங்கள் என்றாள் அவள். ஒரு வருடமாக அவன் மேலதிகாரி, அவள் கீழே வேலை செய்தவள். காகிதத்தில் எல்லாம் உண்மைதான்.

அவன் ஒரு வாரம் இழுத்தான். சரியாகச் செய்ய வேண்டுமென்று விலக்குப் பிரிவுக்குப் போய்ப் படிவம் வாங்கி, அப்படியே தாணுலிங்கத்தையும் பார்த்து யோசனை கேட்டு வந்தான். பூர்த்தி செய்த படிவத்தை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே மிதவைகளைப் பார்த்தபடி நின்றான். 'சிப்பி அறுவைப் பயிற்சி, ஓராண்டு, என் நேரடி மேற்பார்வையில்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். கீழே 'பயிற்சியில் பெற்ற தரம்' என்ற கட்டத்தில் பி என்று இருந்தது.

இன்பமணி அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஏ தான்க்கா முதல்ல எழுதினேன்," என்றான் அவன் திரும்பாமலே. "ஏ போட்டா சந்தேகம் வரும், குழுவுக்குப் போயிரும்னு தாணுலிங்கம் அண்ணாச்சி சொன்னாரு. சத்தியமா நான் அத அடிக்க விரும்பல."

அவள் சிரித்தாள். முதலில் சாதாரணமாகத்தான் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியவில்லை. அடுத்த அறையிலிருந்து இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'பயிற்சி பெற்றவர் ஒப்பம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

படிவம் கொடுத்த பத்தொன்பதாம் நாள் பட்டம் பதிவுத் தபாலில் வந்தது. மூன்றாம் வருட எண்பத்தொன்று புது முறையில் ஏ ஆகியிருந்தது. நிலையத்தில் இரண்டாவது உதவியாளர் பதவிக்கு அனுமதி வந்திருந்தது. ஜனவரியில் அவள் அதில் சேர்ந்தாள், பணியில் எஸ்றாவுக்கு இளையவளாக.

தபால் வந்த அன்று தேவபிரசாதம் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, பட்டத்தோடு இருந்த பாடப் பட்டியலை விளக்கடியில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். முதல் இரண்டு வருடத்துப் பதினாறு பாடங்களுக்கும் எதிரே பதினாறு முறை 'விலக்கு' என்று தட்டச்சு செய்திருந்தது. அந்தப் பையனுக்கு டைபாய்டு வந்த பருவத்தின் இரண்டு ஏ-க்களும் அதில் போயிருந்தன.

"ஏளா, விலக்குன்னா என்ன? அந்த ரெண்டு வருசம் நீ படிச்சது எங்க?"

"படிச்சேம்பா," என்றாள் இன்பமணி. "ஆனா படிச்சிருக்க வேண்டியதே இல்லன்னு சொல்லுதாங்க."

தேவபிரசாதம் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு, இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.